கல்லுக்கு யார் சொந்தம்? றைன் நதிக்கரையின் ஏழு மலைகள் பற்றிச் சில குறிப்புகள்

'மண்' என்ற சொல்லை எம்மவர்கள் எழுதிய அளவுக்கு வேறு எவராவது எழுதியிருப்பார்களா என்பது சந்தேகமே. கவிதையில் மண், கட்டுரையில் மண், மேடையில் மண். ஆனால் அந்த மண்ணுக்குக் கீழே கிடக்கும் கல்லைப் பற்றி, அது எப்படி அங்கே வந்தது, எவ்வளவு காலமாக இருக்கிறது, அதை வெட்டி எடுத்தால் என்ன நடக்கும் என்பவை பற்றி எமது புலம்பெயர் சஞ்சிகைகளில் வந்த எழுத்துகள் மிகச் சொற்பம். நாம் வந்து குடியேறிய நாடுகளின் நிலத்தைப் பற்றியோ அதுவும் இல்லை. இங்கு எமக்குத் தெரிந்த நிலம் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் இடைப்பட்ட நிலம்தான்.

இக்கட்டுரை ஜேர்மனியில் உள்ள ஒரு சிறிய மலைத்தொடரைப் பற்றியது. நான் புவிச்சரிதவியல் படித்தவனல்ல. ஊரில் பாடசாலையில் புவியியல் படித்தவன். கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மலைகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வசிப்பவன். ஓய்வு நாட்களில் நடந்தும், நகர நூல்நிலையத்தில் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கு தொகுத்துத் தருகிறேன். இறுதியில் எழும் கேள்வி எமது ஊரையும் தொடுவதால் இது வாசகர்களின் விவாதத்துக்கும் உரியது.

1. ஏழு என்பது எத்தனை?

பொன் நகருக்குத் தென்கிழக்கே, றைன் நதியின் வலது கரையில், கோனிக்ஸ்வின்ரர், பாட் ஹொனெப் என்ற சிறு நகரங்களுக்குப் பின்னால் எழுந்து நிற்பதுதான் 'சீபன்கெபிர்கெ'. 'ஏழு மலைத்தொடர்' என்று தமிழில் சொல்லலாம். ஆனால் எண்ணிப் பார்த்தால் சிறிதும் பெரிதுமாக நாற்பதுக்கு மேற்பட்ட குன்றுகள் இருக்கின்றன. ஓல்பேர்க், லோவன்பூர்க், லோர்பேர்க், நொன்னன்ஸ்ரோம்பேர்க், பேற்றர்ஸ்பேர்க், வொல்கன்பூர்க், ட்றாகன்பெல்ஸ் ஆகிய ஏழையும் வழமையாக எண்ணுவார்கள். பெயர் ஏழு என்ற எண்ணிலிருந்து வரவில்லை, ஈரமான சிற்றோடைப் பள்ளங்களைக் குறிக்கும் 'சீபன்' என்ற பழைய வட்டாரச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. மலைகளுக்கிடையே இறங்கும் ஓடைகளைப் பார்த்தால் இந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

உயரத்தைச் சொன்னால் எம்மவர்களுக்குச் சிரிப்பு வரும். மிக உயர்ந்த ஓல்பேர்க் 460 மீற்றர்தான். ட்றாகன்பெல்ஸ், அதாவது 'வேதாளப் பாம்புப் பாறை', 321 மீற்றர். எமது பிதுருதாலகாலை 2,524 மீற்றர் என்று சிறு வயதில் மனனம் செய்த எமக்கு இது மலையே அல்ல. ஆனால் கீழே றைன் நதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீற்றரில்தான் ஓடுகிறது. அங்கிருந்து வடக்கே கெல்ன் வரையும் அதற்கு அப்பாலும் தட்டையான சமவெளி. எனவே வடக்கிலிருந்து வருபவருக்கு முதலில் தெரியும் மலை இதுதான். இதன் புகழுக்கு உயரத்தைவிட இது நிற்கும் இடமே காரணம்.

2. நெருப்பும் சாம்பலும்

இந்த மலைகளைப் பார்க்க வரும் பலரும் இவை அணைந்துபோன எரிமலைகள் என்றே நினைக்கிறார்கள். கூம்பு வடிவமும் அப்படி நினைக்கத் தூண்டுகிறது. இது பாதி உண்மை. நாம் இன்று காணும் கூம்புகள் எரிமலைகளின் கூம்புகளல்ல. எரிமலையின் வயிற்றுக்குள் இறுகிப்போன கல் அவை. மேலே இருந்த எரிமலை எப்போதோ கரைந்து போய்விட்டது.

கதையை அடியிலிருந்து தொடங்க வேண்டும். இப்பிரதேசத்தின் அடித்தளம் ஏறத்தாழ 400 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறும் மணலும். அவை இறுகி அடையற் பாறைகளாகி, பின்னர் நெருக்குண்டு மடிந்து, மலைகளாகி, அந்த மலைகளும் தேய்ந்து போயின. இன்றும் றைன் பள்ளத்தாக்கின் ஓரங்களில் இந்தக் கருஞ்சாம்பல் நிறச் சிலேற்றுப் பாறைகளையும் மணற்கற்களையும் காணலாம்.

பின்னர், சுமார் 30 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், இன்றைய கெல்ன் சமவெளி கீழே அமிழத் தொடங்கியது. புவியோடு இழுபட்டு மெலிந்தது. வடகடல் உள்ளே புகுந்து அந்தத் தாழ்நிலத்தின் பகுதிகளை மூடிய காலங்களும் உண்டு. புவியோடு மெலிந்து வெடிப்புகள் விடும் இடத்தில் கீழே உள்ள பாறைக்குழம்பு மேலே வர வழி தேடும். அமிழும் சமவெளியின் விளிம்பில், ஏறத்தாழ 25 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அதுதான் நடந்தது.

முதலில் வந்தது வெடிப்பு. வாயு நிறைந்த குழம்பு சாம்பலாகச் சிதறி, நிலத்தை மூடியது. சில இடங்களில் இந்தச் சாம்பற் படை 100 மீற்றருக்கும் அதிக தடிப்பானது. காலப்போக்கில் அது இறுகி மென்மையான வெளிர் நிறக் கல்லாயிற்று. ஜேர்மன் மொழியில் இதனைத் 'துவ்' என்பர். நாம் சாம்பற்கல் எனலாம்.

அடுத்து வந்த குழம்பில் பெரும்பகுதி மேற்பரப்பை அடையவில்லை. சாம்பற் படைக்குள்ளேயே வீங்கி, சிக்கி, மெதுவாக ஆறியது. ட்றாகன்பெல்ஸ் மலையின் 'ட்றக்கைற்' என்ற வெளிர் சாம்பல் நிறப் பாறை இப்படி உருவானது. வொல்கன்பூர்க், ஸ்ரென்ஸல்பேர்க் ஆகியவற்றின் 'லாற்றைற்' பாறையும் இவ்வாறே. ஓல்பேர்க், பேற்றர்ஸ்பேர்க், வைல்பேர்க் ஆகியவை கறுத்த பசோல்ற். வைல்பேர்க்கின் பழைய கல்லகழ் குழிக்குப் போனால் இதனைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொதிக்கும் பசோல்ற் குழம்பு வெளிர் நிறச் சாம்பற்கல்லைத் தொட்ட இடம், சூளையில் வைத்த ஓடுபோலச் சிவந்து கிடக்கிறது. பசோல்ற் ஆறும்போது சுருங்கிப் பல கோணத் தூண்களாக வெடித்திருக்கிறது. வரண்ட குளத்தின் சேறு பாளம் பாளமாக வெடிப்பதும் இதே விதியால்தான்.

அதன் பிறகு மழையும் ஆறும் தமது வேலையைச் செய்தன. மென்மையான சாம்பற்கல் கரைந்து போனது. கடினமான கல் எஞ்சியது. கடந்த பல இலட்சம் ஆண்டுகளில் இப்பிரதேசம் மெல்ல மேலுயர, றைன் நதி கீழே அரித்துக்கொண்டு போக, உள்ளே புதைந்திருந்தவை மலைகளாக வெளியே தெரிந்தன. மலை எழுந்து நிற்பதற்குக் காரணம் அது வளர்ந்ததல்ல, அதைச் சுற்றி இருந்தவை போய்விட்டதே.

இன்னொன்றையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். இதே வட்டாரத்தில், நதியின் மறுகரையில் தெற்கே உள்ள லாகர் ஏரி சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய். அப்போது இங்கே மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அதை ஏழு மலைகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் இடையே 20 மில்லியன் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது.

3. கல்லில் எழுதிய நீரோட்டம்

குழம்பு மேற்பரப்பை அடையவில்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? மேலே இருந்தவை அழிந்துவிட்ட பின் இதற்கு என்ன சாட்சி?

ட்றாகன்பெல்ஸ் கல்லில் வெள்ளையாக, தட்டையான, விரல் நீளத்துக்கும் இருக்கும் பளிங்குகள் பதிந்திருக்கும். 'சனிடின்' என்பது இவற்றின் பெயர். கல் இன்னும் குழம்பாக இருந்த காலத்திலேயே இவை உருவாகி அதில் மிதந்தன. கிணற்றிலிருந்து இறைத்த நீர் வாய்க்காலில் ஓடும்போது அதில் விழுந்த வைக்கோல் துரும்புகள் ஓட்டத்தின் திசைக்குத் திரும்பிக்கொள்வதை நாம் அறிவோம். அதுபோலவே பளிங்குகளும் குழம்பின் ஓட்டத்துக்கேற்பத் திரும்பின. குழம்பு இறுகியதும் அப்படியே நின்றுவிட்டன.

பொன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஹான்ஸ் குளோஸ் என்பவரும் அவரது தம்பி ஏர்ன்ஸ்ற் குளோசும் மலை முழுவதும் இந்தப் பளிங்குகள் எந்தத் திசையில் கிடக்கின்றன என்று அளந்து 1927இல் வெளியிட்டார்கள். திசைகளை ஒன்றாக இணைத்துப் பார்த்தபோது, கீழே குறுகி மேலே விரிந்து மூடிய ஒரு வடிவம் கிடைத்தது. அதாவது குழம்பு சாம்பலுக்குள் குமிழிபோல வீங்கி நின்றுவிட்டது. இரு சகோதரர்களின் இந்த வேலை பின்னர் பாறைகளின் உள்ளமைப்பை ஆராய்பவர்களுக்கு ஒரு முன்மாதிரியாயிற்று. பெரிய கருவிகள் எதுவுமில்லை. திசைகாட்டியும் பொறுமையும்தான். எமது இளைஞர்கள் இத்தகைய படிப்புகளின் பக்கம் ஏன் போவதில்லை என்ற கேள்வியை வேறொரு தடவை பேசலாம்.

4. மலையைத் தின்ற தேவாலயம்

ட்றாகன்பெல்ஸ் கல்லை முதலில் வெட்டியவர்கள் உரோமர்கள். வெட்டிய கல்லைச் சரித்து நதிக்கு இறக்கி, படகில் ஏற்றிவிட்டால் நீரோட்டமே அதைக் கெல்னுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மலைக்கு இதுவே விதியாயிற்று. 1248இல் கெல்ன் பேராலயத்தின் கட்டுமானம் தொடங்கியபோது அதற்கான கல் முக்கியமாக இங்கிருந்தே போனது. மலையின் ஒரு பகுதிக்கு இன்றும் 'பேராலயக் கல்லகழ் குழி' என்ற பொருள்தரும் பெயர் இருக்கிறது. மலை உச்சியில் 12ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டியிருந்த பிரபுக்களுக்குக் கல்வெட்டும் உரிமை நல்ல வருமானத்தைத் தந்தது. தாம் நிற்கும் மலையையே விற்றுச் சாப்பிட்டார்கள் என்றும் சொல்லலாம்.

அந்தக் கல் தேவாலயத்துக்கு மிக உகந்ததாகவும் இருக்கவில்லை. பெரிய சனிடின் பளிங்குகள் வெய்யிலுக்கும் குளிருக்கும் கல்லோடு ஒத்து விரிந்து சுருங்குவதில்லை. நாளடைவில் உதிர்ந்து விழும். நிலக்கரிப் புகை வந்த பிறகு கல்லின் தோலே செதில் செதிலாகக் கழன்றது. கெல்ன் பேராலயத்தைச் சுற்றி எப்போதும் சாரம் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அதற்கான காரணங்களில் ஒன்று இதுதான்.

தேவாலயக் கட்டுமானம் 16ஆம் நூற்றாண்டில் நின்றுபோனது. கோட்டை 1634இல், முப்பதாண்டு யுத்தத்தின்போது, இடிக்கப்பட்டது. அதன் பின் மலை நெடுநாள் ஓய்ந்து கிடந்தது.

5. 1836

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு விடயங்கள் ஒரே காலத்தில் நடந்தன. ஒன்று, இடிந்த கோட்டைகளையும் நதிகளையும் தேடி ஐரோப்பியக் கவிஞர்களும் செல்வந்தர்களும் றைன் கரைக்கு வரத் தொடங்கினார்கள். 1816இல் இவ்வழியே போன ஆங்கிலக் கவிஞர் பைரன் ட்றாகன்பெல்சைத் தனது நெடுங்கவிதையில் பாடினார். மற்றது, கெல்ன் பேராலயத்தின் திருத்த வேலைகள் மீண்டும் ஆரம்பித்தன. அதற்குக் கல் தேவைப்பட்டது.

1827இல் கோனிக்ஸ்வின்ரர் கல்வெட்டுத் தொழிலாளர்களின் சங்கம் மலையின் உச்சிப்பகுதியைப் பணம் கொடுத்து வாங்கியது. கையில் உறுதி இருந்தது. வெட்டத் தொடங்கினார்கள். மறு ஆண்டு இடிந்த கோட்டையின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. பிரஷ்ய அரசு வேலையை நிறுத்தியது. நீண்ட இழுபறிக்குப் பின் 1836இல் அரசே உச்சியை 10,000 தாலருக்கு வாங்கிக்கொண்டது. ஜேர்மனியில் இயற்கைப் பாதுகாப்பின் தொடக்கம் என்று பலரும் இந்த ஆண்டையே சொல்கிறார்கள்.

இந்தக் கதையை இங்கே பெருமையோடு சொல்வார்கள். பெருமைப்படவும் இடமுண்டு. ஆனால் அகதியாக வந்து, மற்றவர்கள் செய்ய விரும்பாத வேலைகளைச் செய்த எமக்கு, அந்தக் கல்வெட்டுத் தொழிலாளர்களின் பக்கத்திலிருந்தும் ஒரு தடவை பார்க்கத் தோன்றுகிறது. கல் தூசி நுரையீரலை அரிக்கும் தொழில் அது. சட்டப்படி வாங்கிய நிலம். மேலேயிருந்து வந்த கனவான்களுக்கு அது காட்சி, கீழேயிருந்தவர்களுக்கு அது சோறு. பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள், பறிக்கவில்லை என்பதைக் குறிப்பிடாமல் விட முடியாது. வடக்கிலே காணிகள் போன விதத்தை நினைத்தால் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

6. காப்பாற்றப்பட்டது எது?

உச்சியை வாங்கியதும் மலைகள் காப்பாற்றப்பட்டுவிடவில்லை. ஏனைய குன்றுகளில் பசோல்ற் அகழ்வது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்னும் பெருகியது. வீதி போடவும், ரயில் பாதைக்கும், அணைக்கட்டுக்கும் கல் வேண்டியிருந்தது. 1869இல் ஒரு சங்கம் தோன்றியது. அதன் பெயரே 'அழகுபடுத்தும் சங்கம்'. நடைபாதை அமைப்பதும் வாங்கில் போடுவதும் அதன் முதல் வேலை. பின்னர் அதுவே நிலங்களை வாங்கிக் கல்லகழ்வதை நிறுத்தும் அமைப்பாக மாறியது. அதிட்ட லாபச் சீட்டு நடத்தியும் பணம் சேர்த்தார்கள். 1922இல் இப்பகுதி சட்டப்படி இயற்கைப் பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

மலைக்குள்ளே வேறு கதைகளும் இருக்கின்றன. கோனிக்ஸ்வின்ரருக்கு மேலே 'ஓபன்கௌலன்' என்ற சுரங்கங்கள் உள்ளன. பாண் போறணைகள் கட்டுவதற்காகச் சாம்பற்கல்லைக் குடைந்து எடுத்த இடம் அது. சூட்டைத் தாங்கும் கல் என்பதால் நல்ல விலை போனது. 1944இல், இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், அச்சுரங்கங்களுக்குள் யுத்தத் தளபாட உற்பத்தி நடந்தது. கிழக்கிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே கட்டாய வேலை செய்தார்கள். 1945 மார்ச்சில் முன்னரங்கு நெருங்கியபோது ஊர்ச் சனங்கள் ஷெல்லுக்குத் தப்பி அதே சுரங்கங்களுக்குள் இருந்தார்கள். பங்கர் என்றால் என்னவென்று எம்மிடம் யாரும் விளக்கத் தேவையில்லை. இன்று அவற்றில் வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வாயில்கள் அடைக்கப்பட்டுள்ளன.

பேற்றர்ஸ்பேர்க் உச்சியிலிருந்த விடுதியில் 1949 முதல் 1952 வரை நேச நாடுகளின் உயர் ஆணையாளர்கள் இருந்து மேற்கு ஜேர்மனியை மேற்பார்வை செய்தார்கள். 2001இல் ஆப்கானிஸ்தான் பற்றிய மாநாடும் அங்கேதான் நடந்தது. ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிக் காலாவதியாகிப் போக, கீழே இருக்கும் பசோல்ற் அப்படியே இருக்கிறது.

இனி அடுத்த பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏழு மலைகளைக் காப்பாற்றிய இதே றைன்லாந்தில், கெல்னுக்கு மேற்கே, பழுப்பு நிலக்கரிக்காக ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அகற்றப்பட்டன. இம்மராத் கிராமத்தின் தேவாலயம் 2018 ஜனவரியில் இடித்து வீழ்த்தப்பட்டது. 2023 ஜனவரியில் லுற்செராத் என்ற சிற்றூரிலிருந்து, அதைப் பாதுகாக்க இருந்த எதிர்ப்பாளர்களைப் பொலிசார் தூக்கிச் சென்று வெளியேற்றினார்கள். அந்த நிலக்கரியும் ஏழு மலைகளும் ஒரே புவிச்சரிதத்தின் பிள்ளைகள். அமிழ்ந்த சமவெளியின் சதுப்புக் காடுகள் நிலக்கரியாயின, அதன் விளிம்பில் வந்த குழம்பு மலையாயிற்று. ஆனால் ஒன்று அழகாக இருந்தது, மற்றது தட்டையாக இருந்தது. தட்டையான நிலத்துக்குக் கவிஞர் கிடைக்கவில்லை.

மலைகளின் விடயத்திலும் பாதுகாப்பு என்றால் எல்லோரும் உடன்படுகிறார்கள் என்றில்லை. இப்பகுதியைத் தேசியப் பூங்காவாக்கும் திட்டத்தை 2009இல் பாட் ஹொனெப் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. தமது காட்டில் தாம் எங்கே நடக்கலாம் என்பதைப் பிறர் தீர்மானிப்பதைப் பலர் விரும்பவில்லை. முடிவு சரியா பிழையா என்பதைவிட, அங்கு வாழ்பவர்களிடம் கேட்கப்பட்டது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

7. எமது கல்

இனி எமது பக்கம். இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறைகளாலானது. யாழ்ப்பாணக் குடாநாடு அப்படியல்ல. அது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் என்று பாடசாலையில் படித்தோம். ஆழமற்ற வெப்பக் கடலில் சிப்பிகளும் பிற கடலுயிர்களும் படிந்து உருவான கல். மயோசீன் என்பது சுமார் 23 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலம். அதாவது றைன் கரையின் குழம்பு இறுகி அதிக காலம் செல்லாமலே எமது கல் படியத் தொடங்கியிருக்கிறது. புவிச்சரிதக் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒரு வயதுக்காரர்.

எமது வரலாறு 2,000 ஆண்டா 2,500 ஆண்டா, யார் முதலில் வந்தது என்று இரு பக்கமும் கல்வெட்டுகளோடு நிற்கிறார்கள். வெட்டப்படாத கல் எந்த இனத்தின் பக்கமும் சாட்சி சொல்ல வராது. அதற்கு முன்னால் எல்லோரும் நேற்று வந்தவர்களே.

ஆனால் அது வேறொன்றைச் செய்கிறது. தண்ணீரை வைத்திருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. எமது கிணறுகள் எல்லாம் அந்த வில்லையைத் தொடுபவைதான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். கரையோரத்தில் கல்லை ஆழமாக அகழ்ந்தால் மழைநீரைத் தாங்கும் இடம் குறைகிறது, கடல் உள்ளே வர வழி பிறக்கிறது.

1950இல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கான கல் அந்த ஊர்களிலிருந்தே வெட்டப்பட்டது. நாற்பது ஆண்டுகள் அது பலருக்கு உத்தியோகம் தந்தது. நாட்டின் பல கட்டடங்கள் எமது கல்லால் எழுந்தன. அதையும் மறுக்க முடியாது. 1990இல் யுத்தம் ஆலையை மூடியது, வலிகாமம் வடக்கு மக்களையும் துரத்தியது. 2009இற்குப் பின் கட்டம் கட்டமாகச் சில காணிகள் விடப்பட்டன. ஆலையை மீளத் திறப்பது பற்றிய பேச்சும் அவ்வப்போது எழுகிறது. வெட்டிய குழிகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன.

ட்றாகன்பெல்ஸ் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அங்கே உறுதி வைத்திருந்தவர், கல் தேவைப்பட்டவர், காட்சியை விரும்பியவர், அதிகாரம் வைத்திருந்தவர் என்று நாலு தரப்பு இருந்தது. எமது ஊரில் ஐந்தாவது தரப்பு ஒன்று இருக்கிறது: கல் வெட்டும் இடத்திலிருந்து சில கட்டை தள்ளி, தனது கிணற்றில் அள்ளிக் குடிப்பவர். அவரிடம் அந்தக் கல்லுக்கு உறுதி இல்லை. ஆனால் அதன் தண்ணீரில்தான் அவரது வெங்காயமும் புகையிலையும் வளர்கின்றன. அவரைக் கேட்காமல் எடுக்கப்படும் முடிவு, அதைக் கொழும்பு எடுத்தாலும் சரி, எம்மவர்களே எடுத்தாலும் சரி, முடிவாகாது.

1970களில் ட்றாகன்பெல்ஸ் உச்சி உடைந்து விழாதிருக்க இரும்பு நங்கூரங்களும் கொங்கிறீற்றும் இட்டுக் கட்டினார்கள். அண்மைய ஆண்டுகளிலும் அந்த வேலை தொடர்ந்தது. நூற்றாண்டுகளாக வெட்டியதன் செலவை இன்று வரி கட்டுபவர்கள் கொடுக்கிறார்கள். வெட்டிய கல் திரும்ப வளராது. மலைக்கு நங்கூரம் போடலாம். உப்பேறிய கிணற்றுக்கு எதைப் போடுவது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.